நமக்குத் தேவை ஒரு ஸ்லீவ்!



மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று நம் யூனியன் செயலாளர் கேட்டபோது, "எதைப் பற்றி எழுதட்டும்?" என்றேன். "நட்பு, காதல், அம்மா மூணுக்கும் ஆள் ஆயிடுச்சு. வேற ஏதாவது எழுதுப்பா" என்றார். அதனால்தான் நான் ஒரு புரோகிராம் ஃபைலைப் பற்றி எழுத வந்திருக்கிறேன். சின்ன ஃபைல்தான். நாற்பது வரி கூட வராது.

"ஐயோ, மலரிலும் பாடமா!" என்று நீங்கள் பக்கத்தைப் புரட்டுகிற சத்தம் என் காதில் விழுகிறது. ஒரு நிமிஷம் பொறுங்கள். மெக்கானிக்கல் நண்பர்களும் போய்விட வேண்டாம். கதை தொடங்குவதே உங்கள் டூல் ரூமில்தான், முடிவதும் அங்கேதான்.

டூல் ரூம் நோட்டு

ஒர்க்‌ஷாப் டூல் ரூமில் அந்த நீள நோட்டைப் பார்க்காதவர் நம்மில் யார்? ஐ.டி. கார்டைக் கொடுத்துவிட்டு வெர்னியர், டிரில் பிட், அரம் என்று வாங்குவோம். ஸ்டோர் அண்ணன் அதில் பெயர் எழுதுவார். திருப்பிக் கொடுத்ததும் கோடு போட்டு அடிப்பார். செமஸ்டர் முடிவில் இரண்டு பிட் காணாமல் போயிருக்கும். யாரிடம் இருக்கிறது என்று நோட்டைப் புரட்டினால் டீக்கறைதான் தெரியும்!

இந்த நோட்டை பிரவுசரில் ஓடும் பக்கமாக மாற்றுவதுதான் எங்கள் இறுதியாண்டு புராஜெக்ட். நாங்கள் நாலு பேர். வெப் காம்பொனென்ட் முறையில் செய்வதென்று முடிவு செய்தோம்.

அது என்ன? பிரவுசருக்குப் பட்டன், டேபிள், எழுதும் பெட்டி போன்ற டேக்குகள் பிறவியிலேயே தெரியும். அதேபோல நாமே ஒரு டேக்கை உண்டாக்கி, 'இது வந்தால் இப்படி நடந்துகொள்' என்று பிரவுசருக்குச் சொல்லிக் கொடுக்கலாம். அதற்குப் பெயர் கஸ்டம் எலிமென்ட். பெயரின் நடுவில் ஒரு சிறு கோடு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது விதி. வெளி ஸ்டைல்கள் உள்ளே வந்து கலந்துவிடாமல் அதற்கென்று தனி அறை உண்டு. அது ஷேடோ டாம். அச்சு வார்த்து வைத்துக்கொள்ள டெம்ப்ளேட் டேக் உண்டு. இவை எந்தக் கம்பெனியின் சரக்கும் அல்ல. பிரவுசரின் பொதுத் தரம். இன்றுள்ள வடிவத்தில் கஸ்டம் எலிமென்ட் குரோமில் 2016-லும், சஃபாரியில் 2017-லும், ஃபயர்ஃபாக்ஸில் 2018-லும், புதிய எட்ஜில் 2020-லும் வந்து சேர்ந்தது. ஆக, லைப்ரரி எதுவும் இல்லாமலேயே இது ஓடும்.

ஆனால் ஒரு இடத்தில் இந்தத் தரம் கையை விரித்துவிடுகிறது. டேக் பக்கத்துக்குள் எப்போது வந்தது, எப்போது போனது, எந்த ஆட்ரிபியூட் மாறியது என்றெல்லாம் அது நமக்குச் சொல்லும். 'சரி, விவரம் மாறிவிட்டது, உள்ளே இருப்பதை எப்படித் திரும்ப வரைவது?' என்று கேட்டால் பதில் கிடையாது. அது நம் பாடு.

நாங்கள் என்ன செய்தோம்? எல்லோரும் செய்வதைத்தான் செய்தோம். முழு அட்டவணையையும் ஒரு நீளமான எழுத்துச் சரமாகக் கோத்து, இன்னர்ஹெச்டிஎம்எல் என்ற ஒரே வரியில் உள்ளே கொட்டினோம். பத்து நிமிஷத்தில் ஓடியது. அன்று நால்வரும் கேன்டீனில் பஜ்ஜி வாங்கிச் சாப்பிட்டோம்.

ஸ்டோர் அண்ணன் சொன்ன இரண்டு புகார்கள்

மறுவாரம் அண்ணனிடம் ஓடவிட்டுக் காட்டினோம். அரை மணி நேரத்தில் கூப்பிட்டார்.

"தம்பி, ஒரு எழுத்து அடிச்சா உங்க பெட்டி என்னை வெளியே தள்ளுதுப்பா. மறுபடி மவுஸால கிளிக் பண்ணி உள்ளே போக வேண்டியிருக்கு."

"அப்புறம் இங்க பாரு. போல்ட்டு சைஸ் போட்டேன். அந்தக் கட்டமே காலியா நிக்குது. நோட்டுல எழுதினா எழுதினது நிக்கும்ல?"

நோட்டில் எழுதினால் எழுதியது நிற்கும்! எவ்வளவு பெரிய வார்த்தை பாருங்கள். எங்களுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

முதல் புகாருக்குக் காரணம் இதுதான். தேடும் பெட்டியில் ஒரு எழுத்து அடித்தால் பட்டியல் சுருங்க வேண்டும். பட்டியல் மாறியதால் நாங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டுத் திரும்ப எழுதினோம். அந்த 'எல்லாவற்றிலும்' அண்ணன் தட்டிக்கொண்டிருந்த பெட்டியும் சேர்த்தி. பழைய பெட்டி குப்பைக்குப் போய், அதேபோல ஒரு புதுப் பெட்டி வந்து உட்காரும். கர்சர் இருந்ததோ பழைய பெட்டியில்! தமிழில் அடித்தால் இன்னும் மோசம். ஒரு எழுத்தை அடித்து அதற்குக் கொம்பும் காலும் போடுவதற்குள் பெட்டியே மறைந்துவிடும்.

இரண்டாவது இன்னும் வேடிக்கை. எம்10-க்குக் கீழே உள்ள போல்ட் என்பதைக் குறிக்க, கணக்கில் 'விடச் சிறியது' என்று வாய் திறந்த குறி போடுவோமே, அதைப் போட்டு இடைவெளி விடாமல் ஆங்கில எழுத்தில் எம்10 என்று அடித்திருக்கிறார். அந்தக் குறிக்குப் பின்னால் ஆங்கில எழுத்து ஒட்டி வந்தால் பிரவுசர் அதை டேக் என்றுதான் படிக்கும். எம்10 என்று ஒரு டேக் வந்துவிட்டதாக நினைத்து விழுங்கிவிட்டது. இது போல்ட்டோடு போனது எங்கள் அதிர்ஷ்டம். யாராவது விஷமக்காரன் வேறு டேக்கை எழுதியிருந்தால், அவனுடைய புரோகிராம் அண்ணன் கம்ப்யூட்டரில் ஓடியிருக்கும்.

இந்த இரண்டு நோய்க்கும் மருந்து உண்டு. அதுதான் டெம்ப்ளேட் ரெண்டரர். கூகுளில் பிறந்த லிட் லைப்ரரியின் வரையும் பகுதி எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால் அழகாக இருக்கும். டெம்ப்ளேட்டில் மாறாத பகுதி ஒன்று, மாறும் ஓட்டைகள் சில. ஜாவாஸ்கிரிப்ட் மாறாத பகுதியை ஒவ்வொரு தடவையும் அதே பொருளாகவே கையில் கொடுக்கும். அதை அடையாளமாக வைத்துக்கொண்டு, லிட் முதல் தடவை மட்டும் முழுவதும் வரைகிறது. அடுத்த தடவையிலிருந்து எந்த ஓட்டையில் மதிப்பு மாறியதோ அதை மட்டும் தொடுகிறது. பெட்டி அப்படியே இருக்கும், கர்சரும் இருக்கும். ஓட்டைக்குள் வரும் எழுத்தை டேக்காகப் படிக்காமல் எழுத்தாகவே வைக்கும். எம்10 பிழைத்துக்கொள்ளும்.

அப்படியானால் லிட்டைப் போட்டுவிட்டுப் போக வேண்டியதுதானே? இங்கேதான் சண்டை தொடங்கியது.

ஒரு ஜோடிக் கம்மலின் விலை

எங்கள் நால்வரில் ஒருவன், பெயர் வேண்டாம், ரியாக்ட்டில்தான் செய்ய வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றான். காரணம் எங்களுக்குத் தெரியும். ஐந்தாம் செமஸ்டர் லீவில் மூன்று மாதக் கோர்ஸ் ஒன்றில் சேர்ந்திருந்தான். ஃபீஸ் கட்ட அவன் அம்மா காதிலிருந்த கம்மலைக் கழற்றி அடகு வைத்தார். அந்தக் கம்மல் இன்னும் மீளவில்லை. படித்ததைப் பயன்படுத்தாமல் விட்டால் அவன் மனசு கேட்குமா?

அந்தச் சண்டை நடந்துகொண்டிருந்தபோதே ஒரு கம்பெனி இன்டர்வியூவுக்குப் போனான். ஒரு கம்ப்யூட்டரைக் கொடுத்து, சின்னப் பக்கம் ஒன்றைச் செய்யச் சொன்னார்கள். கோர்ஸ் நோட்டில் இருந்தபடியே மனப்பாடமாக அடித்தான். கடைசி வரியில் சிவப்பு எழுத்தில் பிழை: அப்படி ஒரு ஃபங்ஷனே இல்லை! திரும்ப அடித்தான். திரும்பச் சிவப்பு. இருபது நிமிஷம் அந்த ஒரே வரியை முறைத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்துவிட்டான்.

நடந்தது இதுதான். ரியாக்ட்டில் 'இதை அங்கே வரை' என்று சொல்ல ஆதியிலிருந்து ஒரு வரி இருந்தது. 2022-ல் வந்த 18-ஆம் பதிப்பில் அதற்குப் பதிலாக வேறு முறை வந்தது: முதலில் இடத்தைக் கொடுத்து ஒரு வேரை உண்டாக்கு, பிறகு அந்த வேரிடம் வரையச் சொல். பழைய வரி எச்சரிக்கையோடு ஓடிக்கொண்டிருந்தது. 2024 டிசம்பரில் வந்த 19-ஆம் பதிப்பில் அதை எடுத்தே விட்டார்கள். அவன் கோர்ஸில் கொடுத்த நோட்டோ பழைய நோட்டு. இன்டர்வியூ கம்ப்யூட்டரில் இருந்ததோ புதிய பதிப்பு.

இரண்டு நாள் அவன் யாரோடும் பேசவில்லை. மூன்றாம் நாள் லேபில் எங்கள் சார் அவனைக் கூப்பிட்டார்.

"அந்த வரியோட பேரு எனக்கு வேண்டாம். அது என்ன வேலை செய்யுது? அதைச் சொல்லு."

யோசித்துவிட்டுச் சொன்னான்: "எதையோ எங்கேயோ வரையுது சார்."

"அவ்வளவுதான்டா. எதை? எங்கே? இந்த ரெண்டு கேள்விதான். லிட்டா இருந்தாலும் அதுதான், ரியாக்ட்டா இருந்தாலும் அதுதான். அந்த ரெண்டையும் ஒரே ஒரு இடத்துல எழுதி வைங்க. அப்புறம் எதை வேணாலும் மாட்டுங்க. டூல் ரூம்ல ஸ்லீவ் பார்த்ததில்லையா நீங்க?"

ஸ்லீவ்!

மெக்கானிக்கல் நண்பர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். டிரில்லிங் மெஷின் ஸ்பிண்டிலின் ஓட்டை சரிவாகக் குறுகிக்கொண்டே போகும். டிரில்லின் வாலும் அதே சரிவில் இருக்கும். உள்ளே குத்தினால் கவ்விக்கொள்ளும், திருகு தேவையில்லை. ஓட்டை பெரியது, டிரில்லின் வால் சிறியது என்றால் என்ன செய்வது? நடுவில் ஒரு ஸ்லீவ் போடுவோம். வெளிப்பக்கம் மெஷினுக்குப் பொருந்தும், உள்பக்கம் டிரில்லுக்குப் பொருந்தும். கழற்ற ஒரு டிரிஃப்ட் போதும்.

இந்தச் சரிவுக்கு மோர்ஸ் டேப்பர் என்று பெயர். அமெரிக்காவில் ஸ்டீபன் மோர்ஸ் என்பவர் 1860-களில் கொண்டுவந்தது. தந்தி மோர்ஸ் வேறு ஆள்! நூற்றைம்பது ஆண்டுகளில் எத்தனை மெஷின்கள் வந்தன, எத்தனை போயின! டேப்பர் மட்டும் நிற்கிறது. புது டிரில் வாங்கினோம் என்பதற்காக யாராவது மெஷினையே மாற்றுவார்களா? அல்லது ஸ்பிண்டிலோடு டிரில்லை வெல்டிங் வைப்பார்களா? ஆனால் புரோகிராமில் நாம் வெல்டிங்தான் வைக்கிறோம். லைப்ரரியின் பெயரை நாற்பது ஃபைலில் நாற்பது இடத்தில் எழுதி வைக்கிறோம். லைப்ரரி ஒரு வரியை மாற்றினால் நாற்பது இடத்திலும் உடைகிறது.

எங்கள் ஸ்லீவ்

சார் சொன்னபடி எங்கள் வேலையை மூன்றாகப் பிரித்தோம். எப்போது வரைவது, எங்கே வரைவது, எப்படி வரைவது. முதல் இரண்டும் எங்கள் பேஸ் கிளாஸின் வேலை. மூன்றாவது மட்டும் அடாப்டரின் வேலை.

எங்கே என்பது சுலபம். கன்ஸ்ட்ரக்டரிலேயே ஷேடோ அறையை ஒருமுறை கட்டிவிட வேண்டும். இரண்டாம் முறை கட்டப்போனால் பிரவுசர் பிழை எறியும்.

எப்போது என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. ஒரு பிட்டை ஒருவருக்குக் கொடுக்கும்போது பெயர், ரோல் நம்பர், நேரம் என்று மூன்று விவரம் மாறும். ஒவ்வொன்றுக்கும் வரைந்தால் மூன்று தடவை வரைகிறோம். அதற்குப் பதிலாக, முதல் மாற்றத்தில் ஒரு கொடியை ஏற்றிவிட்டு, 'கையில் இருக்கிற வேலை முடிந்ததும் வரை' என்று மைக்ரோடாஸ்க் வரிசையில் போட்டுவிட வேண்டும். கொடி ஏற்கெனவே பறந்துகொண்டிருந்தால் மறுபடி போட வேண்டாம். மூன்று மாற்றம், ஒரே ஓவியம்.

இனி அடாப்டர். அதில் இரண்டே ஃபங்ஷன்கள். 'வரை' என்பது எதை, எங்கே என்ற இரண்டையும் வாங்கிக்கொள்ளும். 'கழற்று' என்பது எங்கே என்பதை மட்டும் வாங்கிக்கொள்ளும். லிட்டுக்கான அடாப்டர் நான்கு வரி. லிட்டின் ரெண்டர் ஃபங்ஷனே எதை, எங்கே என்ற வரிசையில்தான் வாங்குகிறது. ரியாக்ட்டுக்கானதை நம் நண்பனே எழுதினான். முதல் தடவை வரும் இடத்துக்கு ஒரு வேரை உண்டாக்கி, எந்த இடத்துக்கு எந்த வேர் என்று ஒரு மேப்பில் குறித்து வைப்பான். அடுத்த தடவை அதே வேரை எடுத்து வரைவான். கழற்றும்போது வேரைப் பிடுங்கி, மேப்பிலிருந்தும் அழிப்பான். இன்டர்வியூவில் அவனை அழ வைத்த அந்த வரியை இப்போது அவனே, எதற்கு என்று தெரிந்து, ஒரே இடத்தில் எழுதினான். முடித்துவிட்டு, "இவ்வளவுதானா மாப்ள?" என்று கேட்டான். எனக்குத் தொண்டை அடைத்தது.

இது எங்கள் கண்டுபிடிப்பு என்று நாங்கள் மார் தட்டவில்லை. ஸ்கேட் என்ற வெப் காம்பொனென்ட் லைப்ரரி இந்த வரையும் பகுதியைத் தனிப் பொட்டலங்களாகவே வைத்திருந்தது. ப்ரியாக்ட்டுக்கு ஒன்று, லிட்டுக்கு ஒன்று. லிட்டை உண்டாக்கியவர்களும் அப்படியே. 2021-ல் வந்த லிட் 2-ஐத் திறந்து பாருங்கள். விவரம் மாறுவதைக் கவனிக்கும் ரியாக்டிவ்எலிமென்ட் என்ற கிளாஸுக்கு டெம்ப்ளேட் என்றால் என்னவென்றே தெரியாது. அதன்மேல் வரையும் பகுதியைச் சேர்த்ததுதான் லிட்எலிமென்ட். பெரியவர்களே மூட்டை மூட்டாகத்தான் வைத்திருக்கிறார்கள். நாம்தான் வெல்டிங் வைக்கிறோம்!

நாங்கள் விழுந்த குழிகள்

மலரில் வெற்றியை மட்டும் எழுதினால் ஜூனியர்களுக்குப் பிரயோஜனம் இல்லை. விழுந்ததையும் சொல்லிவிடுகிறேன்.

முதல் குழியில் விழுந்தது நான். லிட் அடாப்டரில், வரைவதற்கு முன்னால் அறையைச் சுத்தமாகக் காலி செய்யும் ஒரு வரியைச் சேர்த்தேன். பழைய பழக்கம்; அழித்துவிட்டுத்தானே எழுதுவோம்! முதல் தடவை பட்டியல் வந்தது. இரண்டாம் தடவை வெறும் வெள்ளை. பிழைச் செய்தியும் இல்லை. ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை. காரணம், லிட் தான் முன்பு வரைந்த ஓட்டைகளை நினைவில் வைத்திருக்கிறது. நான் குப்பையில் போட்ட பழைய கட்டங்களிலேயே அது விசுவாசமாகப் புது மதிப்பை எழுதிக்கொண்டிருந்தது! ஒருவரிடம் வேலையை ஒப்படைத்தால் நடுவில் கை வைக்கக் கூடாது என்று அன்று கற்றேன்.

இரண்டாவது குழி கழற்றுவதில். எலிமென்ட் பக்கத்தை விட்டுப் போகும்போது பிரவுசர் சொல்லும். உடனே கழற்றிவிடலாம் என்று எழுதினோம். ஆனால் பட்டியலில் ஒரு வரியை மேலிருந்து கீழே நகர்த்தினாலும் பிரவுசர் 'போய்விட்டது', 'வந்துவிட்டது' என்று அடுத்தடுத்து இரண்டு செய்தி சொல்லும். நாங்கள் நகரும் வரியையும் கழற்றிப் போட்டுவிட்டோம்; அதில் பாதி அடித்திருந்த எழுத்து போயிற்று. தீர்வு: போய்விட்டது என்றதும் பாய வேண்டாம். அதையும் மைக்ரோடாஸ்க் வரிசையில் போட்டு, முறை வந்ததும் 'இன்னும் பக்கத்தில்தான் இருக்கிறதா?' என்று ஒருமுறை பார்த்துவிட்டு, இல்லையென்றால் மட்டும் கழற்ற வேண்டும்.

ஸ்லீவால் ஆகாதது

இதைப் படித்துவிட்டு, 'அடாப்டர் இருந்தால் போதும், நாளைக்கே லிட்டைத் தூக்கிவிட்டு வேறொன்றைப் போட்டுவிடலாம்' என்று யாரும் கனவு காண வேண்டாம். லிட்டின் டெம்ப்ளேட் ஒரு பாஷை, ரியாக்ட்டின் ஜேஎஸ்எக்ஸ் வேறொரு பாஷை. கிளிக் செய்தால் என்ன செய்வது என்று எழுதுவதே இரண்டிலும் வேறு வேறு. அடாப்டர் மொழிபெயர்ப்பாளர் அல்ல. ரெண்டரரை மாற்றினால் டெம்ப்ளேட்டுகளைத் திரும்ப எழுதத்தான் வேண்டும்.

அப்படியானால் என்ன லாபம் என்று எங்கள் வகுப்பு நண்பர் ஒருவர் நியாயமாகவே கேட்டார். "லிட்எலிமென்ட்டை எடுத்து நேரா போட்டிருந்தா ஒரே நாள்ல முடிஞ்சிருக்கும். நீங்க மூணு வாரம் வீணடிச்சீங்க" என்றார். அவருக்கு என் பதில் இதுதான்.

முதல் லாபம், மாற்றுவதை ஒவ்வொன்றாகச் செய்யலாம். டேக்கின் பெயர், ஆட்ரிபியூட், விவரங்கள், எப்போது வரைவது என்ற எதுவும் மாறாது. இன்று ஒரு டேக்கை மாற்று, அடுத்த வாரம் இன்னொன்றை மாற்று. அதுவரை இரண்டும் ஒரே பக்கத்தில் சண்டையில்லாமல் இருக்கும். எங்கள் பக்கத்தில் பட்டியல் லிட்டில் ஓடுகிறது. தேடும் பகுதி நம் நண்பனின் ரியாக்ட்டில் ஓடுகிறது. ஸ்டோர் அண்ணனுக்கு இந்த வித்தியாசம் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

இரண்டாவது லாபம்தான் பெரியது. எது நம்முடையது, எது வெளியே வாங்கியது என்று எங்களுக்குத் தெளிவாகத் தெரிந்துவிட்டது. வைவாவில் எக்ஸ்டர்னல் சார் பேஸ் கிளாஸைத் திறந்து, "இந்த வரி எதுக்கு?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நால்வரில் யாரைக் கேட்டாலும் பதில் வந்தது. இன்டர்வியூவில் எழுந்து வந்தவன்தான் அன்று அதிகம் பேசினான்!

ஒன்றை மட்டும் எச்சரிக்கிறேன். இந்த உற்சாகத்தில் ரெண்டரரையே நாமே எழுதிவிடலாம் என்று இறங்காதீர்கள். ஓட்டைகளை நினைவில் வைப்பது, பட்டியலில் வரிகளை நகர்த்துவது எல்லாம் பல பேர் பல வருஷம் தேய்த்துப் பளபளப்பாக்கிய வேலை. டிரில் பிட்டை யாரும் வீட்டில் செய்வதில்லை, வாங்கத்தான் செய்கிறோம். ஸ்லீவை மட்டும் அளந்து வைத்துக்கொள்கிறோம்.

என் கருத்து இதுதான்

கூகுள் 2013-ல் பாலிமர் என்ற வெப் காம்பொனென்ட் லைப்ரரியை உலகுக்குக் காட்டியது. 2015-ல் அதன் 1.0 வந்தது. ஹெச்டிஎம்எல் இம்போர்ட்ஸ் என்ற வசதியை நம்பி அதில் பலர் வீடு கட்டினார்கள். மற்ற பிரவுசர்கள் அந்த வசதியை ஏற்கவில்லை. 2018-ல் பாலிமர் 3 அதைக் கைவிட்டது. 2020-ல் குரோமும் எடுத்துவிட்டது. அதே குழுதான் பிறகு லிட்டுக்குப் போனது. கூகுளுக்கே இந்த நிலை என்றால், மூன்று மாத நோட்டை மட்டும் நம்பி நிற்கும் நாம் எம்மாத்திரம்?

அதனால் கோர்ஸில் சேரவே கூடாது என்று நான் சொல்லவில்லை. சேருங்கள். ஆனால் அங்கே போய் உட்காருவதற்கு முன் ஒருமுறை, ஒரே ஒருமுறை, எந்த லைப்ரரியும் இல்லாமல் வெறும் பிரவுசரில் ஒரு டேக்கைச் செய்து பாருங்கள். கர்சர் ஓடிப்போவதையும் எம்10 மறைவதையும் கண்ணால் பாருங்கள். அப்போதுதான் லைப்ரரி எந்த நோய்க்கு மருந்து என்று தெரியும். நோய் தெரியாமல் மருந்தின் பெயரை மட்டும் மனப்பாடம் செய்தால், மருந்துக் கடைக்காரர் பெயர்ப் பலகையை மாற்றிய அன்று நாம் தெருவில் நிற்போம்.

நம் டிப்ளமோக்காரர்களுக்கு ஒரு குறை உண்டு என்று வெளியே பேசுகிறார்கள்: 'கையால் செய்வார்கள், ஏன் என்று கேட்டால் தெரியாது.' இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு நமக்கும் பழகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஃபிட்டிங் ஜாபில் பத்தில் ஒரு பங்கு மில்லிமீட்டர் தவறினால் ஏன் பொருந்தவில்லை என்று நமக்குத் தெரிகிறது அல்லவா? அதே கையும் கண்ணும் கீபோர்டுக்கு முன்னால் மட்டும் ஏன் மயங்க வேண்டும்?

ஆசிரியர்களிடம் ஒரு சின்ன வேண்டுகோள். புராஜெக்ட் மார்க் போடும்போது, 'எந்த லைப்ரரியில் செய்தாய்?' என்பதோடு, 'அதைக் கழற்றினால் என்ன மிஞ்சும்?' என்றும் ஒரு கேள்வி கேளுங்கள். அந்த ஒரு கேள்விக்குப் பயந்தாவது எல்லோரும் ஒரு ஸ்லீவ் செய்து வைப்பார்கள்.

கடைசியாக ஜூனியர்களுக்கு. டூல் ரூம் பக்கம் இப்போதும் ஓடிக்கொண்டிருக்கிறது. அண்ணன் பழைய நீள நோட்டையும் பக்கத்தில் வைத்திருக்கிறார். "கரண்ட் போனா இதுதான் தம்பி" என்கிறார். அதுவும் நியாயம்தான்! எங்கள் ஃபைல்கள் எல்லாம் லேபில் இருக்கின்றன. நீங்கள் வரும்போது லிட்டும் ரியாக்ட்டும் இன்னும் என்னென்னவோ மாறியிருக்கும். பயப்பட வேண்டாம். அடாப்டர் என்று பெயரிட்ட ஃபைலைத் திறங்கள். எதை, எங்கே என்று இரண்டு சொற்கள் இருக்கும். அங்கிருந்து தொடங்குங்கள்.

நண்பனின் அம்மா கம்மல் என்னாயிற்று என்று கேட்பீர்கள். இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது. அடுத்த மாதம் அவனுக்கு இன்னொரு இன்டர்வியூ. இந்தத் தடவை அவன் கையில் எடுத்துப் போவது பழைய நோட்டு அல்ல; தானே எழுதிய ரியாக்ட் அடாப்டர்.

— இறுதியாண்டு மாணவர்,
கணினிப் பொறியியல் பட்டயப் படிப்பு